எண்ணூரிலிருந்து சத்தியவேடு வரை: டீசல் எஞ்சின் வந்த வழி

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



ஆண்டு விழா மேடையில் ஏறுவோர் சிலம்பைப் பற்றியோ கம்பனைப் பற்றியோ பேசுவதே வழக்கம். இன்று அவ்வழக்கத்தை விடுத்து இரும்பையும் எண்ணெயையும் பற்றிப் பேசுமாறு செயலாளர் பணித்திருக்கிறார். காரணம் இல்லாமல் இல்லை. நம் குடியிருப்புகளிலிருந்து விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து ஏறிச் சத்தியவேட்டுப் பக்கம் செல்லும் பிள்ளைகள் இன்று பலர். அங்கே ஸ்ரீசிட்டி என்னும் தொழில் நகரில் இசுசு நிறுவனத்தார் டீசல் எஞ்சின் பூட்டிய பிக்கப் வண்டிகளைச் செய்கிறார்கள். ‘செய்கிறார்கள்’ என்று சொன்னோம். அச்சொல் பொருந்துமா என்பதுதான் பெற்றோர் சிலர் எம்மிடம் கேட்ட கேள்வி. பெட்டியில் வந்து இறங்கும் உறுப்புகளைத் திருகாணி முடுக்கி இணைப்பது ஒரு தொழிலாகுமா? அதனை நம்பி ஒரு பிள்ளையின் வாழ்நாளை ஒப்படைக்கலாமா? ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடையிறுக்க யாம் விரும்பவில்லை. டீசல் எஞ்சின் நம் பக்கத்துக்கு எவ்வாறு வந்தது என்பதைச் சொல்லிக்கொண்டே போகிறோம். விடை இடையில் தானே வரும்.

ருடால்ப் டீசல் என்பவர் ஜெர்மானியப் பெற்றோருக்கு 1858-ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் பிறந்தவர். நீராவி எஞ்சின் தான் தின்னும் நிலக்கரியில் பத்தில் ஒரு பங்கைக்கூட வேலையாக மாற்றாமல் மீதியை வெப்பமாக வீணாக்குகிறதே என்பதுதான் அவர் நெஞ்சை உறுத்திய குறை. காற்றைச் சிலிண்டருக்குள் அடைத்துப் பதினாறில் ஒரு பங்கு, இருபதில் ஒரு பங்கு என்னுமளவுக்கு நெருக்கினால் அது தானே கொதிப்பேறும். மிதிவண்டிக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை நம் சிறுவர்கள் அறிவார்கள். அதே செயல்தான், அளவு மட்டுமே பெரிது. ஐந்நூறு பாகைக்கு மேல் சூடேறிய அக்காற்றில் எண்ணெயைத் தூறலாகத் தெளித்தால், தீப்பொறி எதுவும் இல்லாமலே அது பற்றிக்கொள்ளும். 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் நடந்த சோதனையில், எரிபொருளின் ஆற்றலில் 26 விழுக்காட்டை வேலையாக மாற்றியது டீசலின் எஞ்சின். அக்கால உலகில் அதற்கு நிகர் வேறில்லை.

இவ்விடத்தில் சித்தூர்க்காரர்கள் காதைச் சற்றுக் கூர்மையாக்கிக் கொள்ள வேண்டும். 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் ஆட்டோ நிறுவனத்தார் வைத்திருந்த சிறு டீசல் எஞ்சின் ஒன்று எதில் ஓடியது தெரியுமா? நிலக்கடலை எண்ணெயில்! தன் குடியேற்ற நாடுகளில் மிகுதியாக விளையும் கடலையைக் கொண்டு எஞ்சின் ஓட்டிப் பார்க்க வேண்டுமெனப் பிரெஞ்சு அரசு விரும்பியதாக டீசலே பின்னாளில் கூறினார். நம் மானாவாரி நிலத்தில் விளையும் அதே கடலைதான். பின்னர்க் கல்லெண்ணெய் மலிவாகக் கிடைத்ததால் கடலை எண்ணெய் வாணலிக்கே திரும்பிவிட்டது. நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு அதனால் நட்டமில்லை.

ஆனால் அந்த எஞ்சினை வண்டியில் ஏற்ற முடியவில்லை. எண்ணெயைச் சிலிண்டருக்குள் தள்ள, அதனினும் மிகுந்த அழுத்தமுள்ள காற்று தேவைப்பட்டது. அக்காற்றைத் தர ஒரு கம்ப்ரஷர் தேவைப்பட்டது. எஞ்சினுக்கே ஓர் எஞ்சின் துணை வேண்டியிருந்ததென்றால் வண்டி எதைச் சுமக்கும்? ஆகவே டீசல் எஞ்சின் கால் நூற்றாண்டு காலம் ஆலையிலும் கப்பலிலும் நின்ற இடத்திலேயே உழைத்தது. 1913-இல் டீசல் இங்கிலாந்துக்குச் செல்லும் கப்பலிலிருந்து இரவில் காணாமற்போய்க் கடலில் பிணமாகக் கிடைத்தார். தம் எஞ்சின் சாலையில் ஓடியதை அவர் காணவில்லை. பென்ஸ் நிறுவனத்தைச் சேர்ந்த புரோஸ்பர் லோராஞ்சு 1909-இல் முன்னறை என்னும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1923, 1924-ஆம் ஆண்டுகளில் பென்ஸ், மான் ஆகிய நிறுவனங்கள் டீசல் லாரிகளை வெளியிட்டன. 1927-இல் ராபர்ட் போஷ் நிறுவனம் எரிபொருள் செலுத்தும் பம்பைத் தொகுதி தொகுதியாகச் செய்யத் தொடங்கிய பிறகுதான் லாரி உலகம் டீசலின் பக்கம் திரும்பியது.

அந்தப் பம்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். உள்ளங்கையில் அடங்கும் எஃகுத் தண்டு ஒன்று. அது ஏறி இறங்கும் குழல் ஒன்று. இரண்டிற்கும் இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். நம் தலைமயிரின் தடிப்பில் இருபதில் ஒரு பங்கு என்று கொள்ளலாம். அவ்விடைவெளி கூடினால் எண்ணெய் பின்வாங்கும். குறைந்தால் தண்டு இறுகிப்போகும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நொடியில் உரிய துளியை அளந்து கொடுப்பது அதன் கடமை. வார்ப்பட எஞ்சினைப் பெரிய பட்டறைகள் ஒருவாறு செய்துவிடும். இந்தப் பம்பைச் செய்யக் கூடிய கை எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊரே டீசல் எஞ்சினைச் செய்யும் ஊர் என்பது எம் கருத்து. பின்னால் வரும் செய்திகளையெல்லாம் இந்த உரைகல்லில் உரைத்துப் பாருங்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் சென்னை மாகாணத்துப் பேருந்துகள் பல, முதுகில் கரியடுப்பைச் சுமந்துகொண்டு கரிவாயுவில் ஓடின. டி.வி.எஸ். நிறுவனம் அத்தகைய வாயுக் கலங்களைச் செய்து கொடுத்தது. திருமலைக்கு முதல் மலைச்சாலை திறக்கப்பட்டதும் அந்தப் போர் நடந்துகொண்டிருந்த 1944-ஆம் ஆண்டில்தான். நடந்தும் டோலியிலும் ஏறிய மலையில் வண்டி ஏறும் வழி பிறந்தது. வழிக்கேற்ற எஞ்சின் நாட்டில் இன்னும் பிறக்கவில்லை. மலையேற்றத்துக்கு வேண்டுவது விரைவன்று. குறைந்த சுழற்சியிலும் தளராமல் இழுக்கும் திறன். அத்திறன் டீசலுக்கு உரியது.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, 1948-இல், ரகுநந்தன் சரண் என்பவர் அசோக் மோட்டார்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னைக்கு வடக்கே கடற்கரையை ஒட்டிய எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டி விற்பது முதல் வேலை. பிரிட்டனின் லேலண்டு நிறுவனத்தோடு உடன்பாடு செய்து 1951-இல் காமெட் என்னும் டீசல் லாரியை அங்கே கோத்து வெளியிட்டார்கள். கவனியுங்கள்: கோத்து வெளியிட்டார்கள். எஞ்சின் உட்பட உறுப்புகள் கப்பலில் வந்தன; பெட்டியை உடைத்துப் பூட்டியவர்கள் நம்மவர்கள். இன்று ஸ்ரீசிட்டிக்குப் போகும் பிள்ளைகளைப் பார்த்துச் சிலர் உதடு பிதுக்குகிறார்களே, அன்று எண்ணூருக்குப் போனவர்களைப் பார்த்தும் அவ்வாறே பிதுக்கியிருக்கலாம்.

எண்ணூரை மாற்றியது 1953-ஆம் ஆண்டு. அவ்வாண்டு இந்திய அரசின் தீர்வை ஆணையம் மோட்டார்த் தொழிலை ஆராய்ந்து, உறுப்புகளைப் படிப்படியாக இந்நாட்டிலேயே செய்யும் திட்டம் உடையவர்கள் மட்டுமே இங்கே தொழில் நடத்தலாம் என்று பரிந்துரைத்தது; அரசும் ஏற்றது. பல ஆண்டுகளாகப் பம்பாயிலும் சென்னையிலும் வண்டிகளைக் கோத்து விற்றுவந்த அமெரிக்கப் பெருநிறுவனங்களாகிய போர்டும் ஜெனரல் மோட்டார்சும் கடையைக் கட்டிக்கொண்டு போய்விட்டன. எண்ணூர் போகவில்லை. 1955-இல் லேலண்டு நிறுவனமும் பங்கு முதல் போட்டது. பெயர் அசோக் லேலண்டு ஆயிற்று. 1959-இல் எண்ணூர் வார்ப்பாலை என்றொரு நிறுவனம் எழுந்தது. எஞ்சினின் உடலாகிய வார்ப்படம் அந்த மணலிலேயே உருகி அந்த மணலிலேயே உறைந்தது. அந்த எஞ்சின்களை லாரிக்காரர்கள் கொள்ளளவின் எண்ணைச் சொல்லியே அழைத்தார்கள்: முந்நூற்றெழுபது, நானூறு என்று. ஆளுக்குப் பெயர் இருப்பதுபோல எஞ்சினுக்கு எண்.

அதே காலத்தில் சென்னைச் செம்பியத்தில் சிம்சன் நிறுவனத்தார் பெர்க்கின்ஸ் பி-6 எஞ்சினை எடுத்துக்கொண்டார்கள். 1840-இல் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய பழைய வீடு அது. பெர்க்கின்ஸ் எஞ்சின் ஆறு சிலிண்டர் உடையது, ஏறத்தாழ 4.7 லிட்டர் கொள்ளளவு, 83 குதிரைத்திறன். அதன் சிறப்பு யாதெனில், பெட்ரோல் லாரியின் எஞ்சினைக் கழற்றிய இடத்தில் இதனை அப்படியே பொருத்திவிடலாம். பெட்ரோல் செலவில் நொடித்துக் கிடந்த பார்கோ, டாட்ஜ், பெட்போர்டு லாரிகள் பெர்க்கின்ஸ் பூட்டிக்கொண்டு மறுபிறவி எடுத்தன. வடக்கே ஜாம்ஷெட்பூரில் டாட்டாவின் டெல்கோ நிறுவனம் டைம்லர் பென்சுடன் சேர்ந்து 1954-இல் தன் முதல் லாரியை வெளியிட்டது. 1969-இல் அவ்வுடன்பாடு முடிந்தது. பென்சின் மூன்று முனை விண்மீன் முகப்பிலிருந்து இறங்கி டாட்டாவின் எழுத்து ஏறியது. பதினைந்தே ஆண்டுகளில், ஆசிரியர் போன பின்னும் மாணவன் எஞ்சின் செய்துகொண்டிருந்தான்.

அந்தப் பம்பு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 1951-இல் போஷ் நிறுவனத்தின் தொடர்போடு மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி, அதாவது நம் மெக்கானிக்குகள் வாயில் ‘மைக்கோ’ என்று வழங்கும் நிறுவனம் தோன்றிப் பெங்களூரில் நிலைத்தது. பம்பும் நாசிலும் அங்கே செய்யப்பட்டன. சித்தூரிலோ ரேணிகுண்டாவிலோ வேலூரிலோ எந்தப் பழைய டீசல் பட்டறைக்குப் போனாலும் பம்பைத் தனியே வைத்துச் சோதிக்கும் மேசை ஒன்றைக் காணலாம். அதன் முன் அமர்ந்திருப்பவர் பொதுவாகப் பேச்சுக் குறைந்தவராயிருப்பார். கண்ணாடிக் குழாய்களில் ஏறும் எண்ணெயின் அளவைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவார். எஞ்சின் மெக்கானிக் பத்துப் பேர் இருக்கும் ஊரில் பம்பு மெக்கானிக் ஒருவர்தான் இருப்பார். அவருக்குக் கூலியும் வேறு, மரியாதையும் வேறு. ஒரு நாடு எஞ்சின் செய்யக் கற்றதென்றால் அது இத்தகைய கைகளில் போய் முடிய வேண்டும். தொழிற்சாலை வாயிலோடு நின்றுவிட்டால் கற்றதாகாது.

பெரிய லாரிக்கு டீசல் வந்துவிட்டது. சிறிய வண்டிக்கு வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. சிறிய சிலிண்டருக்குச் சிறிய துளி. சிறிய துளியைப் பிழையின்றி அளப்பது பெரிய துளியை அளப்பதினும் கடினம். மகிந்திரா நிறுவனம் 1979-இல் பிரெஞ்சு பெசோ நிறுவனத்திடம் உரிமம் பெற்று எக்ஸ்.டி.பி. 4.90 என்னும் டீசல் எஞ்சினைச் செய்யத் தொடங்கியதால் ஜீப்பு வகை வண்டிகள் மலிவாக ஓடும் வழி பிறந்தது. எண்பதுகளில் டொயோட்டா, மிட்சுபிஷி, மாஸ்டா, நிசான் என்னும் நான்கு ஜப்பானியப் பெயர்கள் இந்தியக் கூட்டாளிகளோடு இலகு லாரிகளைக் கொண்டு வந்தன. அவற்றுள் நிசான் ஆந்திர மாநிலத்து ஆல்வின் நிறுவனத்தோடு சேர்ந்தது. நால்வரையும் எதிர்த்து டாட்டா 1986-இல் 407 வண்டியை இறக்கி வென்றது. 1988-இல் டாட்டாமொபைல் 206 என்னும் டீசல் பிக்கப் வந்தது. 2005-இல் இரண்டே சிலிண்டர் கொண்ட டாட்டா ஏஸ், 2011-இல் அசோக் லேலண்டின் தோஸ்த். இவ்வளவு போதும், பட்டியல் படித்தால் பின்வரிசைக் குழந்தைகள் உறங்கிவிடும்.

இவற்றால் நம் மாவட்டத்தில் விளைந்த மாறுதல் என்ன என்பதுதான் வேண்டுவது. முன்பெல்லாம் தக்காளி விளைவித்தவர் முழு லாரி நிறையும்வரை தரகர் வீட்டுத் திண்ணையில் காத்திருந்தார். தக்காளி காத்திருக்குமா? இன்று நான்கு குடியானவர்கள் சேர்ந்து ஒன்றேகால் டன் ஏற்றும் பிக்கப் ஒன்றை அமர்த்திக்கொள்கிறார்கள். மதனபள்ளிப் பக்கத்தில் மாலையில் ஏற்றிய தக்காளி விடியுமுன் சென்னைக் கோயம்பேட்டில் இறங்குகிறது. வைகாசி, ஆனி மாதங்களில் சித்தூர் மாங்கூழ் ஆலைகளின் வாயிலில் பெங்களூரா என்றும் தோத்தாபுரி என்றும் சொல்லப்படும் காயை ஏற்றிக்கொண்டு வரிசை பிடித்து நிற்பவற்றிலும் பாதி இவ்வகை வண்டிகளே. வண்டியின் தவணைக்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த குடும்பங்களையும் யாம் அறிவோம். அவ்வண்டியாலேயே மகளைப் பொறியியல் படிக்க வைத்த குடும்பங்களையும் அறிவோம்.

பிக்கப் வண்டியின் தாயகம் அமெரிக்கா. அங்கே கனரகப் பிக்கப் என்றொரு வகை உண்டு. படகு, குதிரைக் கொட்டில், இரண்டறை வீடு என எதையும் பின்னால் கட்டி இழுக்கும். அதற்கு டீசல் எஞ்சின் தேடிய கதை நமக்குப் பெரிய பாடம். ஜெனரல் மோட்டார்சின் ஓல்ட்ஸ்மொபைல் பிரிவு 1978-இல் 5.7 லிட்டர் டீசல் எஞ்சினை வெளியிட்டது. பெட்ரோல் எஞ்சின் செய்யும் எந்திர வரிசையிலேயே இதனையும் செய்யலாம் என்னும் சிக்கன எண்ணத்தில் தலைப்பாகத்தைப் பிணைக்கும் போல்ட்டுகளின் அமைப்பைப் பழையபடியே வைத்தார்கள். டீசலின் அழுத்தம் தாங்காமல் அவை நீண்டன, முறிந்தன. எண்ணெயில் கலந்த நீரைப் பிரிக்கும் கருவியும் வைக்கவில்லை. நீர் புகுந்து பம்புகள் கெட்டன. 1985-இல் எஞ்சினை நிறுத்தினார்கள். உலகின் மிகப் பெரிய மோட்டார் நிறுவனம், பணத்துக்கும் படிப்புக்கும் குறைவில்லாத நிறுவனம், டீசலில் தோற்றது. அமெரிக்க மக்களிற் பலர் டீசல் கார் என்றாலே பல ஆண்டுகள் முகம் சுளித்தனர்.

வென்றவர்கள் யார்? லாரிக்கும் டிராக்டருக்கும் எஞ்சின் செய்து பழகியவர்கள். போர்டு பிக்கப்புக்கு 1983 முதல் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 6.9 லிட்டர் எஞ்சின் கொடுத்தது. டாட்ஜ் பிக்கப்புக்கு 1989-ஆம் ஆண்டு மாதிரியில் கம்மின்ஸ் நிறுவனத்தின் 5.9 லிட்டர் எஞ்சின் வந்தது. 160 குதிரைத்திறன்தான், ஆனால் இழுவிசையோ மலைக்க வைப்பது. இவ்விடத்தில் ஓர் இடைச்செய்தி. கம்மின்ஸ் 1962 முதல் பூனாவில் கிர்லோஸ்கருடன் இயங்கி வந்தது. 1993-இல் டாட்டாவுடனும் கூட்டுச் சேர்ந்து, ஜாம்ஷெட்பூரில் அதே 5.9 லிட்டர் குடும்பத்து எஞ்சின்களைச் செய்தது. ஆகவே டெக்சாஸ் மாநிலத்துப் பண்ணைக்காரன் தன் பிக்கப்பில் எந்த எஞ்சினைக் குறித்துப் பெருமை பேசினானோ, அதன் உடன்பிறப்பு பூதலப்பட்டுச் சாலையில் கருங்கல் ஏற்றிக்கொண்டு போயிற்று. இதனை அங்குள்ளோரும் அறியார், இங்குள்ளோரும் அறியார்.

ஜெனரல் மோட்டார்ஸ் தன் பிக்கப்புகளில் வேறு டீசல் எஞ்சின்களைச் சில ஆண்டுகள் பூட்டிப் பார்த்தது, போட்டியில் நிற்கவில்லை. இறுதியில் ஜப்பானின் இசுசுவை நாடியது. 1998-இல் இரு நிறுவனங்களும் சேர்ந்து டிமாக்ஸ் என்னும் கூட்டு நிறுவனத்தை அமைத்தன. ஓஹையோ மாநிலத்து மொரைன் நகரில் 2000-ஆம் ஆண்டு டியூராமாக்ஸ் எஞ்சின் பிறந்தது: எட்டுச் சிலிண்டர், 6.6 லிட்டர், 300 குதிரைத்திறன். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனித் தண்டு வைத்த பழைய பம்பு அதில் இல்லை. ஒரே பொதுக்குழாயில் மிகுந்த அழுத்தத்தில் எண்ணெயைத் தேக்கி, மின்னணு மூளை சொல்லும் நொடியில் நாசிலைத் திறக்கும் காமன் ரெயில் முறை அது. இருபது ஆண்டுகளில் எஞ்சின் செய்யும் கலையை அமெரிக்கர் முழுதும் தமதாக்கிக்கொண்டனர். 2022-இல் இசுசுவின் பங்கையும் ஜெனரல் மோட்டார்ஸ் வாங்கிவிட்டது. தோற்றவன் வெட்கப்படாமல் கற்றான் என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த இசுசு என்பது யாது? ஜப்பானில் ஈசே என்னும் பெருங்கோயில் ஒன்றுண்டு. அக்கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றின் பெயர் இசுசு. திருத்தலத்து ஆற்றின் பெயர் தாங்கிய எஞ்சின், ஏழுமலையான் திருத்தலம் அமைந்த மாவட்டத்தில் வந்து குடியேறியது தற்செயலே ஆயினும் சொல்லச் சுவையாக இருக்கிறது. அந்நிறுவனம் 1936-இலேயே காற்றினால் குளிரும் டீசல் எஞ்சினை ஆக்கியது. ஐம்பதுகளின் இறுதியில் எல்ப் என்னும் சிறு லாரி. அடுத்த ஆண்டே அதற்குச் சிறு டீசல் எஞ்சின். 2002-இல் பிக்கப் தொழிலின் நிலைக்களனைத் தாய்லாந்துக்கு மாற்றி, டி-மாக்ஸ் வண்டியை அங்கிருந்து உலகெங்கும் அனுப்பியது. இந்தியாவில் முதலில் திருவள்ளூரிலுள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலையில் கோத்து விற்றார்கள். 2016 ஏப்ரலில் ஸ்ரீசிட்டியில் சொந்தத் தொழிற்சாலை திறந்தார்கள். ஆண்டுக்கு 50,000 வண்டி செய்யும் திறனுடையது. சத்தியவேடு அப்போது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரல் முதல் திருப்பதி மாவட்டம். 2020-இல் தகடுகளை அழுத்தி வடிக்கும் பிரிவும், எஞ்சின் கோக்கும் பிரிவும் அங்கே தொடங்கின.

எண்ணூரின் முதல் ஐந்து ஆண்டுகளையும் ஸ்ரீசிட்டியின் முதல் ஐந்து ஆண்டுகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலில் பெட்டி திறத்தல், பின்னர்த் தகடு, பின்னர் எஞ்சினைக் கோத்தல். படிகள் ஒத்திருக்கின்றன. இரண்டு ஊர்களுக்கும் இடையே ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. 1953-இல் ‘செய், இல்லையேல் போ’ என்று சொன்ன அரசு பின்னால் நின்றது. இன்று அவ்வாறு சொல்லுவார் இல்லை. உறுப்பு எங்கே மலிவோ அங்கிருந்து வரும். ஆகவே எஞ்சின் கோக்கும் கூடத்துக்கு அப்பால் அது தானாக நடக்கும் என்று நம்புவதற்கில்லை. வார்ப்பாலை வருமா, கிராங்க் தண்டைக் கடையும் எந்திரம் வருமா, நாசில் சோதிக்கும் மேசை வருமா என்று கேட்கும் வாய் நம்மிடையே இருக்க வேண்டும். பெற்றோர்க்கு யாம் சொல்வது இதுதான்: பிள்ளை திருகாணி முடுக்குகிறானே என்று வருந்த வேண்டா. அவன் முடுக்கும் திருகாணிக்கு இவ்வளவுதான் இறுக்கம் என்று ஏன் வரையறுத்தார்கள் எனத் தெரிந்துகொண்டானா என்று கேளுங்கள். ஓல்ட்ஸ்மொபைல் விழுந்தது அந்த ஒரு போல்ட்டில்தான்.

தாய்மார்கள் இன்னொன்றும் கேட்பார்கள், கேட்க வேண்டும். இந்தப் புகைக்கு என்ன விடை? உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு அமைப்பு, டீசல் புகை மாந்தர்க்குப் புற்றுநோய் விளைப்பது என்று 2012-இல் ஐயத்துக்கு இடமின்றி அறிவித்தது. சாலையோர வீட்டில் துணி உலர்த்தும் பெண் முன்பே அறிந்த உண்மைதான் அது. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுதும் பி.எஸ். 6 விதி நடைமுறைக்கு வந்தது. டீசலில் கந்தகம் பத்து இலட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைந்தது. கரித்தூளைப் பிடித்து எரிக்கும் வடிகலமும், பெரிய வண்டிகளில் யூரியாக் கரைசல் தெளிக்கும் கருவியும் வந்தன. புகை பெரிதும் குறைந்தது. எஞ்சின் விலை பெரிதும் கூடிற்று. மலிவு என்பதற்காக டீசலை நாடிய சிறு கார்கள் பல அவ்வாண்டே டீசலைக் கைவிட்டன. 2014 அக்டோபரில் டீசல் விலை அரசின் பிடியிலிருந்து விடுவிக்கப்பட்டதும் அந்த மலிவை முன்பே கரைத்திருந்தது. பாரம் சுமக்கும் பிக்கப் மட்டும் இன்னும் டீசலை விடவில்லை. இழுவிசைக்கு மாற்று இன்னும் விலைக்கு எட்டவில்லை என்பதே காரணம்.

எட்டும் நாள் தொலைவில் இருப்பதாகத் தோன்றவில்லை. கரிவாயுக் காலத்தில் திறந்த திருமலைச் சாலையில் 2022 முதல் மின்சாரப் பேருந்துகள் ஏறுகின்றன. இறங்கும்போது சக்கரமே மின்சாரம் செய்து பாட்டரிக்குத் திருப்பிக் கொடுக்கிறது. மலைச்சாலைக்கென்றே பிறந்தாற்போன்ற முறை அது. 2024-இல் இசுசுவே பாங்காக் கண்காட்சியில் மின்சார டி-மாக்ஸ் ஒன்றைக் காட்டியது. ஏழு தலைமுறையாக உழுத மாட்டைப் போல டீசலும் ஒருநாள் கொட்டிலில் நிற்கும். கொட்டிலில் நிற்பதற்கு முன் இன்னும் சில ஆண்டு தக்காளி சுமக்கும்.

நம் ஊருக்கு இதில் ஒரு பிடிமானம் உண்டு. டீசல் எஞ்சினை முடுக்கிவிட வலுவான பாட்டரி வேண்டும். அதனை 1985-இல் தொடங்கிய அமர ராஜா நிறுவனம் ரேணிகுண்டாவை அடுத்த கரகம்பாடியில் செய்து நாடெங்கும் அனுப்பி வந்திருக்கிறது. ஈயப் பாட்டரி செய்த கை நம் பக்கத்துக் கை. ஆனால் அந்நிறுவனமே லித்தியம் பாட்டரிக்கான பெருந்தொழிற்சாலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டியது தெலங்கானாவின் மகபூப்நகரில். பம்பு பெங்களூருக்குப் போயிற்று. எஞ்சின் எண்ணூருக்கும் ஜாம்ஷெட்பூருக்கும் போயிற்று. புதிய வண்டியின் இதயமாகிய மோட்டாரும் மின்கலமும் எந்த ஊருக்குப் போகும் என்பது இப்பொழுதுதான் முடிவாகிக்கொண்டிருக்கிறது.

இங்கே அமர்ந்திருக்கும் இளைஞர்களில் ஸ்ரீசிட்டியிலும் கரகம்பாடியிலும் பணியாற்றுவோர் விழா முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுத்துச் செல்லுமாறு வேண்டுகிறோம். மாதம் ஒரு ஞாயிறு மாலை சங்கக் கூடத்தில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எஞ்சினையும் மோட்டாரையும் பிரித்துக் காட்டிச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். பழைய பம்பு ஒன்றும் நாசில் ஒன்றும் சித்தூர்ப் பட்டறையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறோம். கரி படாத துணி உடுத்தி வர வேண்டாமென்று பிள்ளைகளிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.